தேதிக்கு இடம் விட்ட பேனர்

மைசூர் மண்டி மொஹல்லாவில் தமிழ்ப் பேனர் அடிக்க வேண்டுமென்றால் தீபாவிடம்தான் வர வேண்டும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். கொள்ளேகாலில் கொடுத்தால் தமிழ் தெரியாதவர்கள் அடித்து, புள்ளி ஒரு பக்கமும் கொம்பு ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஆகவே மார்டள்ளி, ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் காதுகுத்து, கும்பாபிஷேகம், சாவு எதுவானாலும் மைசூருக்கு வருகிற ஆள் கையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கூட்டரும் ஆட்டோவும் இடித்துக்கொண்டு நிற்கிற சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. முன்னால் தீபாவின் கம்ப்யூட்டர். பின்னால் அவள் புருஷன் கணேஷ்குமார் ஓட்டுகிற பிரிண்டிங் மிஷின்.

நஞ்சுண்டசாமி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். மார்டள்ளியில் மக்காச்சோளமும் மஞ்சளும் வாங்கி விற்கிறவர், ஆறு வருஷமாகத் தெரிந்த ஆள். எதையும் முன்கூட்டியே செய்கிற மனிதர். பங்குனித் திருவிழாவுக்குத் தை மாதமே பேனர் சொல்லிவிடுவார். கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து உயிரை எடுக்கிற மற்றவர்களிடம், "அந்த மஞ்சக்காரரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று தீபா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"ஒரு அஞ்சலிப் பேனருங்க கண்ணு. எட்டுக்கு ஆறு, ரெண்டு போதும்" என்றார். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, பின்னால் ஒரு இரும்புக் கட்டில். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது.

"யாருங்க இது? இந்த வயசுலயா?"

"எங்கண்ணன் பொண்ணுங்க. ஸ்வாதி." அவர் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்க மைசூரு ஹெப்பாள்ல கம்பெனி வேலைக்கு அனுப்பிச்சோம். வேற சாதிப் பையன் ஒருத்தனோட பழக்கமாயிப் போச்சு."

தீபாவுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். இது அந்த வகைப் பேனர். மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய்விட்டால், வீட்டில் தலை முழுகிவிட்டு, அவள் செத்துப்போனதாக ஊர் முகப்பில் பேனர் வைப்பது. பெண் ஹெப்பாளிலோ பெங்களூரிலோ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். ஊரில் அவள் படத்துக்கு மாலை தொங்கும். இந்தக் கண்றாவியை வருஷத்துக்கு மூன்று நான்காவது தீபா அடித்துக் கொடுக்கிறாள். அடிக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வேறு எங்காவது அடிப்பார்கள். மேலும், பேனர் வைத்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டால் அத்தோடு போகட்டும் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு அவளுக்கு அனுபவத்தில் வந்தது. தீபாவே அப்படிச் செத்தவள்தான். பதினான்கு வருஷத்துக்கு முன் கணேஷ்குமாரைக் கட்டிக்கொண்ட மறுநாள், ஹனூர்ப் பக்கத்து அவள் ஊரில் அவளுக்கும் ஒரு பேனர் ஏறியது. ஒரு சிநேகிதி போனில் படம் எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்து மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள், "செத்தவ சமைக்கணுமா, இல்ல நீ சமைக்கிறியா?" என்று புருஷனிடம் கேட்டாள். அன்றிலிருந்து அது வீட்டுக்குள் ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. கேலியாக்காவிட்டால் அவளால் அதைச் சுமந்திருக்க முடியாது.

நஞ்சுண்டசாமி சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். எல்லாம் தயாராக எழுதி வைத்திருந்தார். 'எங்கள் வீட்டுக் குலவிளக்கே, இத்தனை சீக்கிரம் அணைந்தது ஏனம்மா. உன் சிரிப்பைத் தேடி அலைகிறோம். ஆறாத் துயரில் வாடும் அப்பா, அம்மா, சித்தப்பா, உற்றார் உறவினர்.'

"இத்தனை பாசம் எதுக்குங்க?" தீபாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எப்பவும் துரோகி, கிரோகின்னுதானே எழுதச் சொல்வாங்க?"

"ஊருல பாக்கறதுக்கு நல்லா இருக்கோணுமில்லீங்க."

"மறைவு தேதி?"

"அதுக்கு மட்டும் எடம் உட்டு வெச்சுருங்க. நாளைக்குச் சாயங்காலம் போன்ல சொல்றனுங்க. சொன்ன ஒரு மணி நேரத்துல அடிச்சு, கொள்ளேகால் பஸ்ல போட்டு உட்டீங்கன்னாச் சரி."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தீபா உட்கார்ந்து அடித்தாள். குலவிளக்குக்கு ஒரு விளக்குப் படம் போட்டாள். தோற்றம் என்று போட்டுச் சீட்டிலிருந்த பிறந்த தேதி. மறைவு என்று போட்டு ஒரு வெற்றுக் கட்டம். பிறகு ஒரு காதுகுத்துப் பேனரை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சோற்றில் கீரைச்சாற்றை ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஒரு தங்கச்சி செத்திருக்கா, தெரியுமா?" என்றாள்.

கணேஷ்குமாருக்கு இந்தப் பேச்சு பழக்கம். "ஓ. எப்போ ஓடுனா?"

தீபா வாயைத் திறந்தாள். அந்த வெற்றுக் கட்டம் கண்ணில் வந்து நின்றது.

ஓடிப்போனவளுக்குப் பேனர் அடிக்க வருகிறவனிடம் தேதி கேட்டுப் பாருங்கள். மணி, நிமிஷத்தோடு சொல்லுவான். எந்தப் பஸ், எந்த ஸ்டாப், எந்த நிறச் சுடிதார், எல்லாம் வந்து விழும். அந்த நாள் அவர்கள் நெஞ்சில் சூடு போட்டதுபோல் இருக்கும். அடித்த ஒவ்வொரு பேனரிலும் தேதியைத்தான் முதலில் சொன்னார்கள். அவள் பேனரிலும் அப்படித்தான். பெயரைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள், தேதி சரியாக இருந்தது. தேதி இனிமேல்தான் தெரிய வேண்டும் என்றால் என்ன அர்த்தம்?

திட்டுகிற வரி ஒன்றுகூட இல்லையே. திட்டினால் அவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்று பொருள். குலவிளக்கே என்று அழுதால்?

தீபா தட்டைத் தள்ளி வைத்தாள். "ஐயோ, அந்தப் புள்ள இன்னும் ஓடவே இல்ல" என்றாள். "இனிமேதான் என்னமோ பண்ணப் போறாங்க. நான் சிரிச்சுக்கிட்டே அடிச்சு வெச்சிருக்கேன்."

எவ்வளவு நெஞ்சழுத்தம் அந்த மனுஷனுக்கு. கொலைக்கு முந்தின நாள் எவன் பேனர் சொல்லுவான் என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. உயிரோடிருக்கிற பெண்ணுக்கு அஞ்சலிப் பேனர் அடிப்பது அந்தப் பக்கத்தில் சாதாரணம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பது அவர் தைரியம். அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தார். எதையும் முன்கூட்டியே செய்து பழகியவர் இதையும் செய்துவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தப் பேனரின் ஒவ்வொரு எழுத்தும் தன் உடம்பில் ஏறியது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தீபா வக்கீல் வைஷாலிக்குப் போன் செய்தாள். வைஷாலியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு உதவிச் சங்கம் நடத்துகிறார்கள். வீட்டுக்குப் பயந்து வருகிற ஜோடிகளுக்குத் தங்க இடம், பதிவுக் கல்யாணம், போலீஸ் பாதுகாப்பு. அவர்கள் நோட்டீஸ் எல்லாம் தீபா அடித்ததுதான். வைஷாலி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவசரம் வந்தால் கன்னடம் முன்னால் வரும்.

"சொல்ப, கொஞ்சம் இருங்க அக்கா, அழாதீங்க. அந்தப் பேனரை அழிச்சுடாதீங்க. அவர் அனுப்பின மெசேஜ், கையால எழுதின சீட்டு, எல்லாத்தையும் அப்படியே வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் தெரியாது; தீபா வரிவரியாகச் சொன்னாள். கேட்டுவிட்டு, பேனர் அடிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்றார். பெண்ணும் புகார் தரவில்லை. மார்டள்ளி வேறு மாவட்டம். நியாயமான கேள்விகள்தான். நியாயமான கேள்விகள் கேட்டுக் கேட்டே எத்தனை பெண்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று தீபா நினைத்துக்கொண்டாள்.

வைஷாலி பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படி ஆபத்து என்று தகவல் வந்தால் போலீஸ் தடுக்க வேண்டும், ஜோடிக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தர வேண்டும், தெரிந்தும் சும்மா இருந்த அதிகாரிமேல் துறை நடவடிக்கை. சப்-இன்ஸ்பெக்டர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தகவலை நான் பதிவு பண்றேன். அந்த மாவட்டத்துக்கும் சொல்றேன்" என்றார் கன்னடத்தில். "ஆனா இதை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போய் யாரையும் தூக்க முடியாது. பொண்ணு கையெழுத்து வேணும். முதல்ல பொண்ணைக் கண்டுபிடிங்க. கிடைச்சா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க, நானே வர்றேன்."

ஹெப்பாளில் ஆயிரக்கணக்கான பெண்கள். ஊர்க்காரர்களிடம் விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் நஞ்சுண்டசாமி காதுக்குப் போய்விடும். கணேஷ்குமார்தான் வழி சொன்னான். ஹெப்பாளில் பெண்கள் தங்குகிற பிஜி விடுதிகளில் பாதிக்கு அவன் மாட்டிய போர்டுதான். ஓனர்கள் நம்பர் எல்லாம் அவனிடம் உண்டு. மார்டள்ளிப் பெண், பெயர் ஸ்வாதி, கொஞ்சம் பேச வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டான். பதினோராவது போனில், இருக்கிறாள், இப்போது ஷிப்டில் இருக்கிறாள், நாளைக் காலை ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தீபாவும் வைஷாலியும் அந்த பிஜியின் இரண்டாவது மாடியில் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சாதாரணச் சேலையில் வந்து கீழே வண்டியில் இருந்தார். போலீஸைப் பார்த்ததும் பெண் மிரண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அவரே அப்படி இருந்துகொண்டார்.

ஸ்வாதி பையை மூடிக்கொண்டிருந்தாள். இரும்புக் கட்டில், ஜன்னலில் காய்கிற துண்டு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தீபாவால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

வைஷாலி முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். ஸ்வாதி கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை, பாவம், யாரோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

"இல்லீங்க. நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்க ஊட்டுல ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசமா ஒரே சண்டைதான், இல்லேங்கல. போன வாரம் சித்தப்பாவே போன் பண்ணி, கவின்ராஜையே கட்டி வெக்கறோம், சனிக்கெழம நீ மட்டும் வா, நிச்சயத்தப் பத்திப் பேசலாம்னாரு." பையை எடுத்துத் தோளில் போட்டாள். "எங்க சித்தப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க. என்னையப் படிக்க வெச்சதே அவருதான்."

"எனக்கும் அவரைத் தெரியும், அம்மிணி" என்றாள் தீபா. "நல்ல மனுஷன்னுதான் நானும் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்."

போனை எடுத்துப் பேனரைக் காட்டினாள். ஸ்வாதி கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டினால் ரெண்டு வார்த்தைக்கு மேல் ஓடாது. மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தாள், கீழே எழுதியிருப்பதைப் பார்த்தாள், புரியாமல் தீபாவைப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதியிருக்குது?"

இதைத் தீபா எதிர்பார்க்கவில்லை. உயிரோடு எதிரில் நிற்கிறவளுக்கு அவள் சாவு அறிவிப்பைப் படித்துக் காட்ட வேண்டும். தன் கையால் அடித்தது. வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்தாள். குலவிளக்கே. அணைந்தது ஏனம்மா. உன் சிரிப்பைத் தேடி அலைகிறோம். 'ஆறாத் துயரில் வாடும் அப்பா, அம்மா' என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் முழுதும் படித்தாள். மறைவு என்று படித்துவிட்டு, "இங்க தேதி இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன்னாரு" என்றாள்.

ஸ்வாதி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் போட்டோ" என்றாள். "செவ்வாக்கெழம எடுத்தது. அம்மா கேட்டாங்கன்னு இங்கயே சேல கட்டி எடுத்து அனுப்புனேன். அம்மாவத் தவிர வேற யாருக்கும் அனுப்பல. கவினுக்குக்கூட அனுப்பல."

தாயும் உடந்தையா என்று வைஷாலி தீபாவைப் பார்த்தாள்.

ஸ்வாதி போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைத் தானே போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"பஸ் ஏறிட்டியா சாமி?" பின்னால் கோழிச் சத்தம்.

"இன்னும் இல்லம்மா. அந்தப் போட்டோவ யாருக்கும்மா குடுத்த?"

"உங்க சித்தப்பனுக்குத்தான். நிச்சயத்துக்குப் பேனரு வெக்கோணும், நல்ல போட்டோவா ஒண்ணு வாங்கிக் குடுங்க அண்ணின்னாரு. ஏன், நல்லா இல்லியா? லட்சணமா இருக்கறயே. நா அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறன்."

ஸ்வாதி கட்டிலில் உட்கார்ந்தாள். வைஷாலி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்வாதியின் அம்மா மாரக்காளுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆறுதலா, அதைவிடக் கொடுமையா என்று தீபாவால் சொல்ல முடியவில்லை.

"நீதானம்மா பஸ்ஸுக்கு வருவ?"

"நா எங்க வர்றது. என்னைய மத்தியானமே மலைக் கோயிலுக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டாங்க. வேண்டுதல் பாக்கி இருக்குதாமா, இன்னிக்கே தீத்தறோணுமாமா. நாளைக்குத்தான் வருவன். ஊட்டுல எல்லாப் பொம்பளைங்களையும் கூட்டிட்டுப் போவச் சொல்லி வேன் வெச்சிருக்குது. உங்கப்பனும் சித்தப்பனும்தான் வருவாங்க உன்னையக் கூப்புட." பேச்சு வேகம் குறைந்தது. "நாங்கூடக் கேட்டன், புள்ள இத்தன நாளு கழிச்சு ஊட்டுக்கு வர்றா, இன்னிக்குப் போயி மலைக்கான்னு. அதுக்கு உங்கப்பன்…"

பேச்சு நின்றுவிட்டது. கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது இங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

"ஸ்வாதி." குரல் தாழ்ந்து, வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டது. "எதுக்கு சாமி போட்டோவப் பத்திக் கேட்ட?"

"ஒண்ணுமில்லம்மா."

"நீ பஸ் ஏறாத."

"அம்மா…"

"நாஞ் சொல்றன். நீ பஸ் ஏறாத. யாரு கூப்புட்டாலும் வராத. நானே கூப்புட்டாலும் வராத."

"நீ?"

தூரத்தில் ஒரு ஆண் குரல், யாரு போன்ல என்று கேட்டது. மாரக்காள் வாயைத் திருப்பிக்கொண்டு சத்தமாக, "புள்ள கெளம்பிட்டாளாம், மத்தியானச் சோத்துக்கு வந்துருவாளாம்" என்றாள். பிறகு போனுக்குள், "எனக்கு வேல கெடக்குது. இத்தன பேருக்குச் சோறாக்கோணும்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஸ்வாதி அழவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வைஷாலி கீழே போன் செய்ய, சப்-இன்ஸ்பெக்டர் மேலே வந்தார். எதிரில் உட்கார்ந்து, பேனாவையும் காகிதத்தையும் நீட்டினார். இதுவரை ஆயிரம் பெண்களைப் பார்த்திருப்பார். கடைசி நேரத்தில், என் அப்பாமேல் எப்படி எழுதுவேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிற இடம் இது. வைஷாலியின் பாதி வழக்குகள் இந்த இடத்தில்தான் செத்திருக்கின்றன.

ஸ்வாதி கன்னடத்தில் மளமளவென்று எழுதினாள். சித்தப்பா பெயர், அப்பா பெயர், வேன், மலை, போட்டோ. உயிருக்கு ஆபத்து உள்ளவர் யார் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. அங்கே மாரக்காள் என்று எழுதினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "அங்கே உன் பேரை எழுதணும்மா."

"நா இங்க உங்ககூட இருக்கறனே, மேடம்" என்றாள் ஸ்வாதி. "மத்தியானத்துக்கு நா போவலைன்னா, யாரு சொல்லிக் குடுத்தான்னு, மலைக்கே போயாவது அம்மாவத்தான் கேப்பாங்க. இப்ப மணி எட்டே முக்கால்."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கிக்கொண்டு, படியில் இறங்கிக்கொண்டே ஹனூர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.